தீ எப்படி இருக்கு?

ஃபாத்துநேனோ மலையூரில் இப்போது பிள்ளை பெறுவது ஆஸ்பத்திரியில்தான். வீட்டில் பெற்றால் ஊர்க்கூட்டத்தில் தண்டம் போடுவார்கள். ஆனால் பெற்ற உடம்பு தேறத் தீக்காய்வது வீட்டில்தான். அதை எந்தக் கூட்டமும் மாற்ற முடியவில்லை. பெற்றவள் பிக்கப் வண்டியின் முன்சீட்டில் குழந்தையோடு மலையேறி வந்து, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் வட்டவீட்டுக்குள் தவழ்ந்து போவாள். கூரைப்புல் தரைவரை தொங்கும். ஜன்னல் கிடையாது. வாசல் ஒரு ஆள் இடுப்பளவு. உள்ளே மூங்கில் கட்டில், கட்டிலுக்கு அடியில் தணல், தலைக்கு மேல் பரணில் கதிர் கதிராகக் கட்டித் தொங்கும் மக்காச்சோளம். ஒரு மண்டலம் அவளுக்கு அதுதான் உலகம்.

அந்த வழியாகப் போகிறவர்கள் வாசலில் நின்று கேட்பார்கள்: தீ எப்படி இருக்கு? உள்ளேயிருந்து பதில் வரும்: தீ நல்லாயிருக்கு. வேறு பதில் கிடையாது. தீயைக் குறை சொன்னால் விறகைக் குறை சொன்னதாகும். விறகைக் குறை சொன்னால் அதை வெட்டி அடுக்கிய புருஷனைக் குறை சொன்னதாகும். மொல்லோ மலையில் எந்தப் பெண்ணும் அதைச் செய்யமாட்டாள்.

யெர்மியாஸின் மனைவி ஓர்ப்பாவும் செய்யவில்லை. வீடு வீடாகப் பார்க்க வந்த மருத்துவச்சி மாணவி வாசலில் நின்று கேட்டாள். ஓர்ப்பா உள்ளேயிருந்து சொன்னாள். மாணவி சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். யெர்மியாஸ் சாயங்காலம் வந்து உள்ளே தவழ்ந்தபோது இருட்டாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் தணல் ரத்தத்தில் நனைந்து அணைந்திருந்தது.

அது மழைக்கு முன்னால். இப்போது அடுத்த சோளம் வீடு வந்துவிட்டது.

அவன் குப்பாங் நகரத்தில் விவசாயம் படித்தவன். ஆரஞ்சு நாற்றுக்கு ஒட்டுக் கட்டுவது வேலை. முன்பும் அதிகம் பேசமாட்டான். இப்போது காலையில் ஒரு வார்த்தை, சாயங்காலம் ஒரு வார்த்தை என்று பேசினான். அழவில்லை, குடிக்கவில்லை, தேவாலயத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. ஊருக்கு அது புரியவில்லை. அவனுக்குள் ஓடியது ஒரே கேள்வி. ஓர்ப்பா தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா? ரத்தம் போவது தெரிந்தும் அவனுடைய விறகுக்கு மரியாதை செய்தாளா? கேட்பதற்கு ஆளில்லாத கேள்வி. ஒட்டுக் கட்டும்போது பிளேடு தண்டில் இறங்கும். அப்போதும் அது இருக்கும்.

வட்டவீட்டை அவன் சாத்தியே வைத்திருந்தான். அதில்தான் அக்கா தோர்க்காவுக்கும் அவனுக்கும் தகராறு. தோர்க்காவின் புருஷன் மலேசியாவில் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்தில் வேலையில் இருந்தான். அவளுடைய இரண்டாவது பிள்ளையும் ஓர்ப்பாவின் பிள்ளையும் ஒரே மாசத்துப் பிள்ளைகள். இரண்டுக்கும் அவளே பால் கொடுத்தாள்.

அன்று காலை அவள் ஒரு கதிரை உரித்து அவன் முன்னால் தட்டினாள். மாவுதான் கொட்டியது. கூடவே நாலு வண்டு.

"பாத்தியா? பொகை இல்லாம பரண்ல சோளம் நிக்குமா? நீ படிச்சவன்தான, சொல்லு."

அவன் வண்டைப் பார்த்தான்.

"ஊரெல்லாம் சோளம் தின்னும். நாம வண்டு தின்ன மிச்சத்தத் தின்போம். ஒரு அடுப்பு, ரெண்டு கட்டை. நானே பத்த வெக்கிறேன். நீ அந்தப் பக்கமே வர வேணாம்."

"வேணாம்க்கா."

"வேணாம்க்கா, வேணாம்க்கா. வாயில வேற ஒண்ணும் இல்லயா? நான் செத்தா என்னையும் ஒரு வீட்ல போட்டுச் சாத்தி வெப்பியா? அப்புறம் நம்மகிட்ட வீடே இருக்காது, ஆமா."

இடுப்பில் ஒன்று, முதுகில் ஒன்றாக அவள் அடுப்படிக்குப் போனாள். சோளத்தை உமி போக இடித்துப் பயறோடு வேகவைக்கும் நாள் அது. கொதி வருவதற்கு வெகுநேரம் ஆகும். மூடுபனி வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகளை விழுங்கியிருந்தது. மணிச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த மூடுபனியிலிருந்துதான் வெல்மின்ஸ் டீச்சர் வந்தாள். கீழே டவுனில் மருத்துவச்சிப் படிப்புச் சொல்லிக் கொடுப்பவள். நல்ல கனத்த உடம்பு. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. தோர்க்கா வெற்றிலைப் பெட்டியை நீட்டினாள். டீச்சர் பாக்கு எடுத்து, இலைக்குப் பதில் வெற்றிலைக்கொடியின் காயைக் கடித்து, சுண்ணாம்பு தொட்டு, மெல்ல ஆரம்பித்த பிறகுதான் பேச்சு வந்தது.

"தம்பி, ஒரு உதவி கேட்டு வந்தேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு. வருத்தப்பட மாட்டேன்."

"சொல்லுங்க டீச்சர்."

"அந்தப் பொண்ணு படிப்ப விட்டுட்டா. தெரியுமா?"

அன்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போன மாணவி என்று அவனுக்குத் தெரிந்தது.

"நல்லாப் படிச்ச பொண்ணு. பயிற்சிப் பொம்மைல நூத்துக்கு நூறு. வயித்த அமுக்கிப் பாக்கிறது, நாடி பாக்கிறது, துணி எவ்ளோ நனைஞ்சிருக்குன்னு பாக்கிறது, எல்லாம் சுத்தமாச் செய்வா. ஆனா எங்க பொம்மை மேசைல கெடக்கு. மேல ட்யூப்லைட் எரியுது. பொம்மைக்கு வாசல் கிடையாது தம்பி. பொம்மை தீ நல்லாயிருக்குன்னும் சொல்லாது."

டீச்சர் சிவப்பாகத் துப்பிவிட்டு வந்தாள்.

"இந்த வருஷம் நான் பிள்ளைங்கள இங்க கொண்டு வந்து பழக்கலாம்னு இருக்கேன். நெஜ வட்டவீடு, நெஜப் பொகை, நெஜ இருட்டு. அடுத்த மாசம் மேட்டுத் தெருவுல ரெண்டு பேரு பெறப் போறாங்க. அதுக்குள்ள இவளுங்க கத்துக்கணும். ஒவ்வொரு வீடாக் கேட்டுட்டேன். பெறாத வீட்ல பெத்தவளுக்கான தீயப் போட்டா ஆகாதுங்கிறாங்க."

"ஆகாதுதான்," என்றாள் தோர்க்கா. "பொய்த் தீ போட்டா நெஜத்தக் கூப்பிட்ட மாதிரி. எங்க வீட்டுக்கு ஒரு தடவ வந்தது போதும் டீச்சர். எனக்குச் சோளத்துக்குப் பொகை வேணும். அதுக்காகப் பொய் சொல்லிப் பத்த வெக்க மாட்டேன்."

"உங்க வீட்லயும் இல்லன்னா நான் கீழ போயிப் பொம்மையத் தொடைக்க வேண்டியதுதான்."

"தொடைங்க. பாவம், அதுக்கும் அழுக்கு இருக்கும்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்குத் தோர்க்காவைப் பிடித்துவிட்டது என்று யெர்மியாஸுக்குத் தெரிந்தது. அவன் கேட்டான்:

"உள்ள யாரு படுப்பாங்க?"

"அதுதான் அடுத்த கஷ்டம். எந்தப் பொம்பள படுப்பா? நான் படுக்கலாம்னா இந்த ஒடம்பு அந்த வாசல்ல நுழையாது. தள்ளி நுழைச்சாலும், அப்புறம் ஆயுதம் போட்டுத்தான் வெளிய எடுக்கணும்."

"நான் படுக்கிறேன்."

தோர்க்கா இடிப்பதை நிறுத்தினாள்.

"எங்க படுப்ப?"

"கட்டில்ல."

"ஆம்பள தீக்காயப் போறியா? யேசுவே! ஊர்ல ஆடு மாடு கூடச் சிரிக்கும்டா."

"சிரிக்கட்டும்."

"எதுக்குடா?" அவள் குரல் மாறியிருந்தது. "உள்ள போயி என்னத்தத் தேடப் போற?"

ஓர்ப்பா எங்கேயிருந்து அதைச் சொன்னாளோ அங்கே அவன் ஒரு தடவை படுத்துப் பார்க்க வேண்டும்.

பழகும் நாளன்று பனி விலகி வெயில் அடித்தது. காற்று ஓயவில்லை. தோர்க்கா யாரோடும் பேசாமல் சவுக்கு விறகைப் பிளந்தாள். தீ போடமாட்டேன் என்றவள், டீச்சர் அடுக்கிய விறகைப் பார்த்ததும் பொறுக்கமாட்டாமல், "இப்பிடிப் போட்டா ஊர் முழுக்கப் பொகைதான் வரும், தள்ளுங்க," என்று உள்ளே தவழ்ந்து தானே பற்றவைத்தாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. புகை என்றாள்.

டீச்சர் கிறிஸ்துமஸுக்கு வாங்கும் சிவப்புச் சர்பத்தைத் தண்ணீரில் கரைத்துப் பழைய துணிகளை நனைத்தாள். யெர்மியாஸ் லுங்கிக்கு அடியில் அதை வைத்துக்கொண்டு, கழுத்துவரை போர்த்திப் படுத்தான். மாணவிகளை அவள் வேலிக்கு வெளியே நிறுத்தியிருந்தாள். உள்ளேயிருக்கிற ஆளின் குரல் எப்படி இருந்தாலும் சரி, உங்களுக்கு அது பெற்று அஞ்சு நாளான தாய் என்று சொல்லியிருந்தாள். போய்ப் பார்த்துவிட்டு வந்து தாய் எப்படி இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதுகில் சூடு ஏறியது. மூங்கில் ஒவ்வொரு அசைவுக்கும் முனகியது. மேலே பரணில் வண்டு அரிக்கும் சத்தம், மழை தூறுவதுபோல. கொஞ்சநேரத்தில் சர்பத்துக்கு எறும்பு வந்துவிட்டது. தொடையில் கடித்தது. அவன் அசையவில்லை.

கட்டிலிலிருந்து பார்த்தால் வாசல் ஒரு வெள்ளைத் துண்டு. அதில் ஆள் தெரியாது. கால்தான் தெரியும். ஓர்ப்பா பார்த்தது இவ்வளவுதான். வெளிச்சமும் கால்களும். அவளுக்கு யாருடைய முகமும் தெரிந்திருக்காது.

முதலில் பச்சைச் செருப்பு ஒன்று வந்து நின்றது.

"அக்கா, தீ எப்படி இருக்கு?"

"தீ நல்லாயிருக்கு."

அவன் சொல்லலாமா என்று யோசிக்கவில்லை. டீச்சர் சொல்லச் சொன்னது ஞாபகம் வந்துகூடச் சொல்லவில்லை. கேட்டார்கள், வாய் சொல்லிவிட்டது. தும்மல் மாதிரி. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவனுக்குக் கேட்டது.

அவன் இருட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். மாசக்கணக்கில் தேடியது இவ்வளவு சின்னதாக இருந்தது. ஓர்ப்பா சொன்னது தெரிந்தும் இல்லை, தெரியாமலும் இல்லை. அவனை நினைத்துக்கூட இல்லை.

பச்சைச் செருப்பு ஆம்பளைக் குரலுக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம்க்கா, முருங்கக்கீரை சாப்பிடுங்க, பால் ஊறும்," என்று சொல்லிவிட்டுப் போனது.

அடுத்தது வெள்ளை ஷூ. அது கடைவீதிக்காரன் மகள் சார்லீனா என்பதைக் குரலிலேயே கண்டுபிடித்தான். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குகிறவள். தீ நல்லாயிருப்பது தெரிந்ததும் அவள் வாசலுக்கு வெளியே சௌகரியமாகக் குந்திக்கொண்டாள்.

"அக்கா, அடுத்த பிள்ளைக்கு அவசரப்படாதீங்க என்ன? ஒடம்பு தேறணும். ஊசி இருக்கு, மாத்திரை இருக்கு, கையில வெக்கிற குச்சி இருக்கு. எது புடிக்குதோ அத வெச்சுக்கலாம். பயப்பட ஒண்ணுமில்ல."

"சரி."

"வீட்டுக்காரர்கிட்டப் பேசுனீங்களா?"

அவன் வாயைத் திறந்தான். புகை உள்ளே போனது.

"பேசணும்க்கா. நீங்க மட்டும் முடிவு பண்ணக் கூடாது. ராத்திரி சாப்பிட்டதும் நல்ல மூடுல இருக்கிறப்போ மெதுவா ஆரம்பிங்க. ஆம்பளைங்க கொழந்தைங்க மாதிரி. சொன்னாக் கேப்பாங்க."

வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சார்லீனா எழுந்து துணியைத் தட்டிக்கொண்டாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாகவே சொன்னாள். நனைந்த துணி அவளிடமிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

இன்னும் கால்கள் வந்தன. எல்லாரும் மலைப் பிள்ளைகள். எல்லாரும் மரியாதை தெரிந்தவர்கள். கூப்பிடாமல் தீவீட்டுக்குள் நுழையக் கூடாது என்று தாய்ப்பாலோடு குடித்தவர்கள். ஒவ்வொருத்தியும் கேட்டாள், ஒவ்வொருத்திக்கும் அவன் சொன்னான். ஒவ்வொரு தடவையும் வாசல் வெளிச்சம் கொஞ்சநேரம் மறைந்து மறுபடி காலியானது. காலியாகும் அந்த நேரம்தான் தாங்க முடியாததாக இருந்தது. இதைத்தான் அவள் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். வருகிறார்கள், கேட்கிறார்கள், போகிறார்கள்.

வேலிப்பக்கம் சத்தம் கேட்டது.

"ஏய் மீன்காரி, நீ போலயா?"

"போறேன்டி. குளிருது."

"ரெண்டு ஸ்வெட்டர் போட்டுமா? மூணாவது நான் தரட்டா?"

"உள்ள தீ இருக்குல்ல. அப்போ நான் உள்ள உக்காந்துக்கிறேன்."

மீன்காரி என்று கேலி செய்யப்பட்ட கொரெத்தி, புளோரெஸ் தீவின் கடற்கரைப் பெண். இந்த மலையும் தெரியாது, இந்த ஊர் மரியாதைப் பேச்சும் தெரியாது. ரப்பர்ச் செருப்பும் அதற்குள் காலுறையுமாக வந்து நின்றாள். மற்றவர்களைப் பார்த்துப் படித்ததைக் கேட்டாள்.

"தீ எப்படி இருக்கு அக்கா?"

"தீ நல்லாயிருக்கு."

கால் போகவில்லை. ஒரு முழங்கால் மண்ணில் ஊன்றியது. அப்புறம் இன்னொன்று.

"நான் தீயப் பாக்க வரலக்கா. ஒங்களப் பாக்க வந்தேன்."

வெளிச்சம் முழுக்க மறைந்தது. அவள் தவழ்ந்து உள்ளே வந்து, இருமி, கண்ணைக் கசக்கி, கட்டில் எது சுவர் எது என்று கையால் தடவினாள். டார்ச்சைத் தேடி எடுத்து அடித்தாள். புகையில் வெளிச்சம் பால்மாதிரி நின்றது. ஒன்றும் தெரியவில்லை. அவள் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டாள். கையால் பார்க்க ஆரம்பித்தாள். நெற்றி. மணிக்கட்டு. கண் இமையைக் கீழே இழுத்து, தணல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பினாள்.

"வயித்துல கை வெக்கட்டுமாக்கா?"

"ம்."

தொப்புளுக்குக் கீழே அமுக்கினாள். அவனை அப்படி யாரும் தொட்டு வெகுநாளாகிவிட்டது.

"துணி நனைஞ்சிருக்கா?"

"தீ நல்லாயிருக்கு." சொல்லக் கூடாது என்று நினைத்தும் அதுதான் வந்தது.

"அது இருக்கட்டும்க்கா." அவள் போர்வைக்கு அடியில் கைவிட்டுத் துணியை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வாசலுக்கு இழுத்துப்போய் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவள் மூச்சு மாறியிருந்தது. சர்பத் என்பது அவளுக்கு ஞாபகத்தில் இருந்த மாதிரி தெரியவில்லை.

"எப்பலேர்ந்துக்கா இப்பிடி?"

"காலைலேர்ந்து."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"இல்ல."

"வீட்டுக்காரர் எங்க?"

இந்தப் பதிலை டீச்சர் சொல்லித் தரவில்லை.

"தோட்டத்துல."

"எந்தத் தோட்டம்?"

"ஓடைக்கு அந்தாண்ட. ஒட்டுக் கட்டிக்கிட்டு இருக்கார்."

"இங்கேர்ந்து கத்துனாக் கேக்குமா?"

ஓர்ப்பா செத்த அன்று காற்று வீட்டிலிருந்து தோட்டத்துப் பக்கம் அடித்தது என்று அவனுக்குத் தெரியும். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"கேக்கும்," என்றான்.

"பேரு என்ன?"

"யெர்மியாஸ்."

அவள் பின்பக்கமாகவே தவழ்ந்து வெளியே போனாள். எழுந்து நிற்கும் கால் தெரிந்தது. கடலில் போகும் படகைக் கரையிலிருந்து கூப்பிடுகிறவர்களின் குரல் அது.

"யெர்மியாஸோ...!"

வேலிப்பக்கம் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"யெர்மியாஸோ...! ஒங்க பொஞ்சாதிக்கு ரத்தம் போகுது! ஓடி வாங்க!"

"வாய மூடுங்கடி," என்று வெல்மின்ஸ் டீச்சர் சொன்னது கேட்டது. சிரிப்பு நின்றது. ஓடைக்கு அந்தாண்டையிலிருந்து மலை அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னது. ஆரஞ்சுத் தோட்டத்தில் யாரும் இல்லை.

அவன் கட்டிலில் கிடந்து கேட்டான். அவன் பெயர் இவ்வளவு நீளமா என்று இருந்தது. எங்கிருந்தாலும் கேட்டிருக்கும். நாற்று வரிசையின் கடைசியில் நின்றிருந்தாலும் கேட்டிருக்கும்.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது கைக்குழந்தை இரண்டும் அழ ஆரம்பித்தன.

அவன் எழுந்தான். தவழ்ந்தான். வெளிச்சத்தில் கண் தெரியவில்லை. சாம்பலும் சர்பத்துமாக நின்றான்.

"வந்துட்டேன்," என்றான்.

கொரெத்தி திரும்பினாள். உள்ளேயிருந்த ஆள்தான் வெளியே வந்து நிற்கிறான் என்பது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அவளுக்குப் பரீட்சை முடியவில்லை.

"அண்ணே, வண்டி இருக்கா?"

"இருக்கு."

"எடுங்கண்ணே, சீக்கிரம்! ஒருத்தர் பின்னால ஒக்காந்து தாங்கிப் புடிச்சுக்கணும். நான் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்றேன்."

அவன் ஓடினான். வெறுங்காலோடு முன்வாசலுக்கு ஓடி, சாவியைத் திருகி, மோட்டார் சைக்கிளை உதைத்தான். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. வளைத்துத் திருப்பி வட்டவீட்டு வாசலுக்குப் பக்கவாட்டில், பெற்றவளை ஏற்றத் தோதாக, கொண்டுவந்து நிறுத்தினான். ஒரு காலை ஊன்றிக்கொண்டு, பின்சீட்டைக் கையால் துடைத்தான்.

யாரும் ஏறவில்லை. டீச்சரும் மாணவிகளும் அப்படியே நின்றார்கள். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்து என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.